திருமலையில் ஒரு கச்சான் காலம்

திருகோணமலைப் பட்டினம் இருப்பது இரண்டு கடல்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஒரு துண்டு நிலத்தில். கிழக்கே டச்சுக் குடாவும் பின்குடாவும் திறந்த கடலைப் பார்த்திருக்கின்றன. மேற்கே உட்துறைமுகம், சுற்றிவர மலைகள், அலை அடங்கிய தண்ணீர். ஒரு வாய் வெற்றிலை சப்பி முடிப்பதற்குள் ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்கு நடந்துவிடலாம். அதனால் கிழக்குக் கரையின் எத்தனையோ ஊர்களுக்குக் கிடைக்காத ஒன்று திருமலைக்குக் கிடைத்திருக்கிறது. இங்கே பொழுது விடிவதும் கடலில், பொழுது படுவதும் கடலில். இந்த ஊரைப் பற்றி யார் என்னிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன். கோயிலும் கோட்டையும் அதற்குப் பிறகு.

நானும் என் கணவரும் அங்கே போய் இறங்கியது 2002 புரட்டாதியில். பெப்ரவரியில் யுத்தநிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, சித்திரையில் ஏ9 பாதை திறந்து, யாழ்ப்பாணத்துச் சனம் ஏழெட்டு வருடமாகக் காணாத உறவுகளைத் தேடி நாலாபக்கமும் புறப்பட்ட காலம். எங்களுக்கு மட்டக்களப்பில் இவருடைய பெரியம்மாவைப் பார்க்க வேண்டியிருந்தது. முகமாலையிலும் ஓமந்தையிலும் இறங்கி ஏறி, வவுனியாவில் பஸ் மாறி, ஹொரவப்பொத்தானை வழியாகத் திருமலைக்கு வந்தோம். ஓரிரவு தங்கிப் போவதுதான் எண்ணம். பெரியம்மா எங்களுக்காகப் பல நாள் காத்திருக்க வேண்டி வந்தது.

ஹொரவப்பொத்தானை தாண்டிய பிறகு வழியெல்லாம் காய்ந்த பற்றைக்காடு. குளங்கள் வற்றி, நடுவில் மட்டும் கொஞ்சம் சேறு பளபளத்தது. மாரிமழை கொட்டும் ஊர் அது; ஆனால் மாசி முடிந்தால் புரட்டாதி வரை வானம் கண் திறக்காது. மேற்கிலிருந்து மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு இறங்கிவரும் கச்சான் காற்று அந்த மாதங்களில் பகல் முழுக்க அனலாக வீசும். உதடு வெடிக்கும். கொடியில் போட்ட சேலை எடுப்பதற்குள் மொரமொரத்துப் போகும். இப்படியொரு வறட்சிக்கு நடுவே, பஸ் ஒரு திருப்பத்தில் சாய்ந்ததும் அவ்வளவு நீலத்தை ஒன்றாகக் கண்டபோது இவர் என் கையைப் பிடித்தார். பஸ்ஸுக்குள், ஆட்களுக்கு முன்னால். அதற்கு முன் இவர் அப்படிச் செய்ததில்லை.

அதற்குக் காரணம் இவருடைய கூச்சம் மட்டும் இல்லை. எங்களுக்குக் கல்யாணம் நடந்ததே ஊரடங்குச் சட்டத்துக்குள். 1995 இடப்பெயர்வில் சாவகச்சேரிக்குப் போய், மறுவருடம் திரும்பி வந்து, ஓடு பறந்த வீட்டைப் பாதி மூடிக்கொண்டு, பகல் நேரத்து முகூர்த்தம் ஒன்றைத் தேடிப்பிடித்துத் தாலி கட்டியவர் இவர். பிறகு வந்த வருடங்களில் நாங்கள் இருவரும் ஒன்றாக வெளியே போனதெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் பாஸ் எடுக்கவும்தான். பொழுதுபட முன்னர் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். கடற்கரைப் பக்கம் நினைத்தும் பார்க்க ஏலாது. அங்கே முட்கம்பியும் சென்றியும். கடல் சூழ்ந்த குடாநாட்டில் இருந்துகொண்டு கடலைக் காணாமல் வாழ்ந்த தலைமுறை நாங்கள். இளவயதில் ஓர் ஆணும் பெண்ணும் அருகருகே சும்மா இருந்து ஒரு பின்னேரத்தைக் கழிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது, அது மறுக்கப்பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அலஸ்தோட்டத்தில் இவரோடு வேலை செய்தவருக்குத் தெரிந்த ஒரு வீடு இருந்தது. உப்புவெளிக்குப் போகிற வழியில் றோட்டை விட்டு உள்ளே இறங்கினால் மணல் ஒழுங்கை. ஒழுங்கை முடிகிற இடத்தில் வீடு. வீடு முடிகிற இடத்தில் கடல். வீட்டுக்கார அக்கா கணவனை இழந்தவர். மகன் வெளிநாட்டில். முன் அறையை வாடகைக்கு விடுவார். எங்களைக் கண்டதும் முதலில் சொன்னது தண்ணீர்க் கணக்கு.

"பிள்ளை, கிணத்துத் தண்ணி உவர். குளிக்கலாம், குடிக்கேலாது. குடிக்கிறதுக்குக் குடத்தில வைச்சிருக்கிறன். தம்பியிட்டயும் சொல்லு."

முற்றத்தில் வேம்பும் இரண்டு பனையும் ஒரு முருங்கையும். வேலிக்கு அப்பால் மணல்மேடு. அதன் மேலெல்லாம் அடம்பன் கொடி படர்ந்து ஊதாப் பூ பூத்திருந்தது. காய்ந்த பக்கத்தில் இராவணன் மீசை. அந்தப் புல்லின் பந்துகள் காற்றில் அறுந்து ஈரமணலில் உருண்டு ஓடும். பகல் பதினொரு மணிக்கு மேல் யாரும் வெளியே தலைகாட்ட மாட்டார்கள். கச்சான் அடங்கி, மூன்றரை நாலு மணிக்குக் கடலில் இருந்து காற்றுத் திரும்பும்போதுதான் ஊர் மறுபடி எழும்பும். அந்த இடைப்பட்ட நேரம் முழுக்க நாங்கள் விறாந்தையில் பாயைப் போட்டுக் கிடந்தோம். இவர் பழைய சஞ்சிகைகளைப் புரட்டுவார். நான் ஒன்றும் செய்யமாட்டேன். சங்கடமோ குற்றவுணர்வோ இல்லாமல் ஒன்றும் செய்யாதிருப்பது எனக்கு அங்கேதான் பழகியது.

காலையில் மட்டும் வெள்ளெனவே எழும்பிவிடுவோம், கரைவலை பார்க்க. யுத்தகாலம் முழுக்க அந்தக் கடலில் மீன்பிடிப்பதற்கு இருந்த கட்டுப்பாடுகளைச் சொல்லி முடியாது. நேரத்துக்குத் தடை, தூரத்துக்குத் தடை, எஞ்சினுக்குத் தடை. யுத்தநிறுத்த உடன்படிக்கையிலேயே மீன்பிடித் தடைகளைத் தளர்த்துவதற்கென ஒரு பிரிவு எழுதியிருந்தார்கள். அதன் பலன் எங்கள் கண் முன்னால் இழுபட்டு வந்துகொண்டிருந்தது. ஒரு கயிற்றின் தலைப்பைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி கடலுக்குள் போகும். அரைவட்டமாக வலையை வளைத்துப் போட்டுக்கொண்டு, மற்றத் தலைப்போடு தூரத்தில் கரையேறும். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு சிறு கயிறு. அதன் நுனியைப் பெரிய கயிற்றில் கொளுவி, கடலுக்கு முகம் காட்டிப் பின்பக்கமாகச் சாய்ந்து, குதிக்கால் மணலில் புதைய இழுப்பார்கள். பின்னால் வந்து முடித்த ஆள் கொளுவலைக் கழற்றிக்கொண்டு ஓடிப்போய்த் தண்ணீருக்குள் முதல் ஆளாக மறுபடி பிடிப்பான். அதிகம் பேச்சில்லை. இழுவைக்கு ஏற்ற ஒரு பாட்டு மட்டும், ஒருவர் எடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்ல. இழுக்க இழுக்க இரண்டு வரிசையும் ஒன்றையொன்று நெருங்கி வரும். வெயில் ஏறி நெற்றியில் விழும் நேரத்தில்தான் மடி தெரியும்.

இவருக்குப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றார். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி வயதானவர், தலைப்பாகையை அவிழ்த்து நீட்டினார்.

"கயிறு கையைக் கிழிச்சுப்போடும், ஐயா. இதைச் சுத்திக்கொண்டு பிடியுங்கோ."

மடி கரையில் விழுந்தபோது அத்தனையும் கீரிமீன். வெள்ளித் துடிப்பு. இடையிடையே சில பாரைக்குட்டிகள், ஒரு திருக்கை, கைநிறையக் கணவாய். யார் எவர் என்று பார்க்காமல் கயிற்றில் கை வைத்த ஒவ்வொருவருக்கும் கறிக்கு மீன் போட்டார்கள். இவருக்கும் ஒரு சொப்பின் பை நிறையக் கிடைத்தது. வங்கியில் கூட்டிக் கழிக்கும் வேலை பார்க்கும் மனிதர், உள்ளங்கை சிவந்துபோய், அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு மணல்மேடு ஏறி வந்த முகத்தை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. அக்கா அதைப் பச்சை மிளகாயும் பழப்புளியும் விட்டு அவியல் வைத்தார், பிட்டோடு தின்றோம். மிச்சத்தை அடுத்த நாளைக்குப் பொரித்து வைத்தார்.

கோணேசர் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை போனோம். கோட்டை வாசலில் அடையாள அட்டையைக் காட்டி, ஆமிக்காரரைத் தாண்டி நடக்க வேண்டும். அந்தக் கோட்டை வாசல் கல்லில் பாண்டியரின் இணைக்கயல் இன்றும் இருக்கிறது, பக்கத்தில் சிதைந்த தமிழ்க் கல்வெட்டு. 1624இல் போர்த்துக்கீசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள் என்று எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் கோயில் தூண் ஒன்று கோட்டைச் சுவரில் கிடப்பதை நேரில் காண்பது வேறு விஷயம். இவர் வெறுங்காலோடு நின்று அந்தக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மரநிழலில் புள்ளிமான்கள் படுத்திருந்தன. கோட்டைக்குள் மட்டும் இல்லை. அந்த ஊரில் மான் சந்தைத் தெருவுக்கும் வரும், வாழைப்பழத் தோல் கேட்டு நிற்கும்.

திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய ஈழத்துத் தலங்கள் இரண்டு. ஒன்று மன்னாரில் கேதீச்சரம், மற்றது இது. இடிபட்ட பிறகு முந்நூறு வருடத்துக்கு மேல் மலையுச்சியில் கோயில் இல்லை. அப்போதும் சனம் பாறை விளிம்புக்கு வந்து, கடலைப் பார்த்துத் தேங்காய் உடைத்துக் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தது. 1950இல் நகரத்துக்குள் கிணறு வெட்டும்போது புதையுண்ட செப்புத் திருமேனிகள் வெளிவந்தன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கிப் பார்த்து, உடைந்த தூண்களையும் செதுக்கு வேலையுள்ள கற்களையும் கண்டார்கள். வில்சன் கடலடியில் கண்டெடுத்த இலிங்கம் கோயிலுக்கே வந்து சேர்ந்தது. விண்வெளிக் கதைகள் எழுதி உலகப் புகழ் பெற்ற ஒருவர் எங்கள் கோயிலின் எச்சத்தைக் கடலடியில் தேடியிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. வில்சன் பிறகு துறவு பூண்டு சுவாமி சிவகல்கி ஆனார். 1963இல் புதுக்கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது.

மலையுச்சியில் இராவணன் வெட்டுக்குப் பக்கத்து மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய சிறு சிறு மரத்தொட்டில்கள். காற்றில் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போட்டபடி இருந்தன. எங்களுக்கும் அப்போது பிள்ளை இல்லை. தொட்டில் விற்கும் பொம்பிளை என்னைப் பார்த்தார். இவர் காசு கொடுத்து வாங்கித் தந்தார், நான் கட்டினேன். அதைப்பற்றி இருவரும் பிறகு கதைக்கவில்லை. கீழே கடல் அவ்வளவு ஆழத்தில் கடும்நீலமாக இருந்தது.

அந்த ஆழத்துக்குக் காரணம் உண்டு. கொட்டியாரக் குடாவின் அடியிலிருந்தே கடலுக்குள் ஒரு பெரும் பள்ளத்தாக்கு இறங்கிப் போகிறது. அதனால்தான் கரைக்கு இவ்வளவு கிட்டத்தில் நீலத் திமிங்கிலங்கள் வருகின்றன. அதனால்தான் மழைகாலம், வெயில்காலம் என்று பாராமல் எந்தப் பெரிய கப்பலும் உள்ளே வந்து ஒதுங்க முடிகிறது. இந்தத் துறைமுகத்துக்காகப் போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறி மாறி அடிபட்டிருக்கிறார்கள். 1795இல் பிரித்தானியர் பிடித்தபின் அவர்களுடைய கடற்படைக்குக் கிழக்கில் இது பெரிய இருப்பிடமாக இருந்தது. இரண்டாம் உலகப்போரில் 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டன. முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த ஹேர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தார்கள். அக்காவின் தாயார் அன்று ஒரு கைக்குழந்தையோடு தம்பலகாமத்துக்கு நடந்தே ஓடினாராம். "அந்தக் கைக்குழந்தை என்ர மூத்த அண்ணர்," என்றார் அக்கா. இவர் உடனே, "அக்கா, பிறகு நீங்களும் எத்தினை தரம் ஓடினனீங்கள்?" என்று கேட்டார். அவர் விரல் மடித்து எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

பின்னேரங்களில் எங்கள் இடம் உட்துறைமுக வீதி. அலஸ்தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்து, சந்தைக்கு முன்னால் ஒரு சரை கச்சான் கடலை வாங்கிக்கொண்டு நடப்போம். கற்கட்டில் இருந்தால் தண்ணீர் காலுக்குக் கீழே சின்னதாகச் சளக்கும். எதிரே சீனன்குடாப் பக்கம் பிரீமா மா ஆலையின் உயரமான கட்டடங்கள் தெரியும். அதற்குப் பின்னாலுள்ள காட்டுக்குள் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகள், நூற்றுக்கு ஒன்று குறைய. ஆறு மணிக்குப் பிறகு மலைகளுக்கு நடுவே சூரியன் இறங்கும்போது தண்ணீர் முழுக்கச் செம்பு நிறமாகும். கடற்படைப் படகுகள்கூடக் கறுப்பு நிழலாகி அழகாகிவிடும். காலையில் பின்குடாவில் எழும்பியதைப் பார்த்த அதே சூரியன். இவர் அதை ஒவ்வொரு நாளும் எனக்கு ஞாபகப்படுத்துவார், நான் மறந்துவிடுவேன் என்பதுபோல.

பொழுதுபட்ட பிறகும் எழும்பாமல் அங்கேயே இருந்த முதல் நாள் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. வீதிவிளக்கு எரியத் தொடங்கியும் சனம் கலையவில்லை. பிள்ளைகள் பந்து எறிந்து விளையாடினார்கள். சைக்கிளில் வந்த ஒரு சோடி எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி இருந்து ஐஸ்கிறீம் குடித்தது. காலையில் சோதனை செய்த பொலிஸ்காரர் ஒருவர் சீருடை இல்லாமல் தன் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். எல்லோரும் அந்த நேரத்தை அனுபவித்துக்கொண்டு இருந்தார்கள். ஊரே எங்களோடு சேர்ந்து ஓய்வெடுத்தது என்று அன்று தோன்றியது. அந்த எண்ணம் இன்றைக்கும் மாறவில்லை.

ஒருநாள் லோஞ்சில் மூதூருக்குப் போய் வந்தோம். அந்தக் காலத்தில் தென்பக்கம் போக ஒன்று குடாவைக் கடக்கும் லோஞ், அல்லது கிண்ணியாவில் பாதை. வாகனத்தையும் சனத்தையும் ஒன்றாக ஏற்றித் துறையைக் கடத்தும் அந்தத் தட்டைப் படகுக்கு நெடுநேரம் வரிசையில் நிற்க வேண்டும். லோஞ் மேல்தட்டில் சைக்கிள்களும் அரிசி மூட்டைகளும் கோழிக் கூடைகளும். கிண்ணியா, மூதூர் முஸ்லிம் மக்களும் சம்பூர்த் தமிழரும் ஒரே வாங்கில். ஒரு பெரியவர் எனக்கு இடம்விட்டு நகர்ந்தார்.

"மகள், வெயிலுக்குள்ள நிக்காம உள்ளுக்கு வந்து இரிங்க. கரை சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல செல்லும்."

கரை சேரும் வரைக்கும் அவர்தான் கதை சொன்னார். மகாவலி கங்கை கடலில் கலக்கும் இடம், றொபேட் நொக்ஸ் என்ற வெள்ளைக்காரன் 1660இல் பிடிபட்ட இடம், அவன் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடம் கைதியாக இருந்து தப்பிப்போய்ப் புத்தகம் எழுதிய கதை. எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுச் சங்கதி போலச் சொன்னார். இறங்கும்போது, மூதூருக்கு வந்தவர்கள் தயிர் சாப்பிடாமல் போகக்கூடாது என்று கடையையும் காட்டிவிட்டார். எருமைத் தயிர், சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. சீனி தூவித் தந்தார்கள். இவர் ஒரு சட்டியைத் தனியாக முடித்தார். அக்காவுக்கும் ஒரு சட்டி வாங்கி, திரும்பும் லோஞ்சில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் போனோம். ஏழு சின்னச் சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசம். இராவணன் தாய்க்குக் கடன் கழிக்கத் தோண்டியவை என்று ஐதீகம். இறந்தவர்களுக்குக் கிரியை செய்ய இன்றும் சனம் வருகிறது. இவருடைய அப்பா காலமானது வன்னியில், இடம்பெயர்ந்த இடத்தில். அங்கே செய்ய முடியாமல் போனதை இங்கே ஐயரைக் கூப்பிட்டுச் செய்தார். பிறகு வாளியால் அள்ளி அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

நிலாவெளிக்குக் கடைசியில்தான் போனோம். வெளிநாட்டார் எழுதும் புத்தகங்களில் திருகோணமலை என்றால் முதலில் நிலாவெளிதான். எனக்கு அது அலஸ்தோட்டத்துக் கரைக்கு மேலாகத் தெரியவில்லை. போகும் வழி மட்டும் மனத்தில் நிற்கிறது. உப்புவெளியில் உலகப்போரில் இறந்தவர்களின் கல்லறைத் தோட்டம், கத்தரித்துவிட்ட புல். அதைக் கடந்து போனால் யாரும் திரும்பி வந்து குடியிருக்காத வீடுகள், கூரையில்லாச் சுவருக்குள் வளர்ந்த ஆலங்கன்று. பிறகு வெள்ளையாக உப்புப் பூத்த தரவை. புறாமலைக்குப் படகில் போய் வந்தோம். தண்ணீருக்குள் குனிந்தால் மான்கொம்பு போல் கிளைத்த பவளப்பாறை, அதற்குள் நீலமும் மஞ்சளுமாகச் சிறுமீன்கள். மறுவருடம் 2003இல் அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள்.

அந்தக் கிழமைதான் தாய்லாந்தில் சத்தஹிப் என்ற இடத்தில் அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் முதற்சுற்றுப் பேச்சு நடந்தது. செப்ரெம்பர் 16 தொடங்கி 18 வரை. இரவில் அக்கா வானொலியைத் திண்ணையில் கொண்டுவந்து வைப்பார். பக்கத்து வீட்டார் வருவார்கள், கரைவலை ஆட்கள் வேலியோரம் குந்துவார்கள். பிபிசி தமிழோசை இரைச்சலுக்கு நடுவே வரும். செய்தி முடிந்ததும் யாரும் பெரிதாகக் கருத்துச் சொல்லமாட்டார்கள். சம்மாட்டி மட்டும் ஒருநாள் கேட்டார், "அப்ப வாற வருசம் புது வலை ஒண்டு போடலாமோ?" இவர் போடலாம் என்றார். நானும் போடலாம் என்றேன். எங்கள் மனம் நிறைய அதுதான் இருந்தது.

மட்டக்களப்புக்குப் புறப்பட்ட காலையில் அக்கா பொரித்த கீரிமீனும் பிட்டும் வாழையிலையில் கட்டித் தந்தார். பணம் கணக்குப் பார்த்துக் கொடுத்ததில் பாதியைத் திருப்பித் தந்துவிட்டார். "ஆக்கள் வீட்டில இருந்தது எனக்கு உதவி," என்றார்.

2004 டிசம்பர் 26, சுனாமி. திருகோணமலை மாவட்டத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. அலஸ்தோட்டத்து வீட்டில் ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை. அக்கா அன்று உவர்மலையில் தங்கைச்சி வீட்டில் இருந்ததால் தப்பினார். சம்மாட்டியையும் அவருடைய பேரனையும் கடல் திருப்பித் தரவில்லை.

2006 ஜனவரி 2 மாலை, காந்தி சிலைக்குக் கிட்டக் கடற்கரையில் கூடிக் கதைத்துக்கொண்டிருந்த ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரு பின்னேரத்தைக் கடற்கரையில் கழித்ததைத் தவிர அந்தப் பிள்ளைகள் ஒன்றும் செய்யவில்லை. செய்தியைக் கேட்டபோது எங்கள் மகளுக்கு இரண்டு வயது. இவர் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு அன்றிரவு முழுக்க இறக்கவில்லை. வழக்கு எத்தனையோ வருடம் நடந்து, 2019இல் குற்றம் சாட்டப்பட்ட விசேட அதிரடிப்படையினரும் பொலிஸாரும் விடுவிக்கப்பட்டார்கள். அந்தப் பெற்றோருக்கு நீதி இன்னும் கிடைக்கவில்லை. திருமலைக் கடற்கரையைப் புகழ்ந்து எழுதும் எவரும் இதையும் சேர்த்து எழுத வேண்டும். 2006 முடிவதற்குள் சம்பூர்ச் சனம் மொத்தமும் ஊரை விட்டு ஓடியிருந்தது. அவர்கள் திரும்பி வரப் பத்து வருடம் அளவில் சென்றது.

போர் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு மகளையும் கூட்டிக்கொண்டு போனோம். கிண்ணியாவில் பாதை இல்லை. 2009இல் திறந்த 396 மீற்றர் நீளப் பாலத்தில் ஒரு நிமிடத்தில் கடந்துவிட்டோம். அந்தப் பாலம் வந்தது பெரிய நன்மை. இரவில் பிரசவ வலி கண்ட ஒரு பெண் பாதைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. லோஞ்சை நினைத்து நான் ஏங்குவது என் சொந்த ஆசை. அதை அந்த ஊர்ச் சனத்தின் தலையில் கட்டமாட்டேன்.

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஹொட்டேல்கள் நெருங்கிவிட்டன. கரையில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஓலைக் குடைகள். புறாமலையில் மனிதக் கால் பட்டுப் பவளப்பாறை உடைந்து கிடந்தது. காவலுக்கு நின்றவர் அதைக் காட்டி வருத்தப்பட்டார். சனம் வருவதையும் உழைப்பு வருவதையும் நான் குறை சொல்லவில்லை. இளஞ்சோடிகள் பயமில்லாமல் இருட்டும் வரை கரையில் இருந்தார்கள். சிங்களம், தமிழ், இங்கிலிஷ் எல்லாம் காதில் விழுந்தது. அதைப் பார்க்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

ஆனால் கரைவலைக்கு ஒரு பாடு வேண்டும். கயிறு கரையேறும் இரண்டு முனைக்கும் நடுவில் நூற்றுக்கணக்கான யார் வெறும் மணல் வேண்டும். தோணி ஏற்ற, வலை காய, வாடி போட இடம் வேண்டும். தலைமுறை தலைமுறையாக ஒவ்வொரு குடும்பத்துக்கும் இன்ன பாடு என்று வழங்கிவந்த கரை அது. காணிக்கு வேலி கட்டுகிறவர்கள் கடலோரம் வரைக்கும் கட்டிவிட்டால் வலை எங்கே ஏறும்? சம்மாட்டியின் மருமகன் எங்களை இனங்கண்டு வந்து கதைத்தார். இழுக்க ஆள் கிடைப்பதில்லை, சில இடங்களில் உழவு இயந்திரம் பூட்டி இழுக்கிறார்கள், பாடு வேறு சுருங்கிக்கொண்டு வருகிறது என்றார். பிரதேச செயலகத்தில் மனுக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கரையில் அவர்களுக்குள்ள உரிமையை எழுத்தில் பதிந்து, எல்லைக்கல் நட்டுக் கொடுக்க வேண்டும். ஹொட்டேல் எத்தனை வந்தாலும் அதற்குப் பின்னால் வரட்டும்.

அவரோடு கதைத்துக்கொண்டிருந்தபோதே வலை கரைக்குக் கிட்ட வந்துவிட்டது. ஆள் குறைவு. இவர் செருப்பைக் கழற்றி மகளிடம் கொடுத்தார். மகள் அதை என்னிடம் தந்துவிட்டுத் தகப்பனுக்குப் பின்னால் ஓடினாள்.